கப்பல் ஏறுவதற்கு முன் இராமானுஜன்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் இப்போது விசா, சூட்கேஸ் எடை, ஸ்வெட்டர், ஊறுகாய் பாட்டில் என்று ஒரு மாதம் அலைகிறார்கள். 1914-இல் கணித மேதை சீனிவாச இராமானுஜன் இங்கிலாந்து புறப்பட்டபோதும் ஏற்பாடுகள் பலமாகத்தான் நடந்தன. அதற்காக ஓடியாடியவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. ஆனால் எதற்கெல்லாம் ஏற்பாடு செய்தார்கள், எதை மறந்தார்கள் என்று பார்த்தால் மனசு கனக்கிறது.

முதலில் அவர் போகவே மாட்டேன் என்றார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். உடனே ஹார்டி அவரை அங்கே வரவழைக்க முயன்றார். மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், வாசல் தேடி வந்த அந்த வாய்ப்பை மறுத்துவிட்டார். காரணம் ஆசாரம். கடல் தாண்டினால் ஜாதியை விட்டு விலக்கிவிடுவார்கள் என்ற பயம் அன்று வெறும் பயம் இல்லை. 1888-இல் லண்டன் கிளம்பிய காந்தியை அவருடைய ஜாதிப் பெரியவர்கள் பம்பாயில் கூட்டம் போட்டு விலக்கியே வைத்தார்கள்.

ஒரு வருஷத்தில் இராமானுஜன் மனசு மாறியது எப்படி? இதற்கு இரண்டு கதைகள் உண்டு. நாமக்கல் கோயிலில் மூன்று இரவு படுத்திருந்து உத்தரவு பெற்றார் என்பது ஒன்று. தாயார் கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயாரே வந்து, மகன் போவதைத் தடுக்காதே என்றாள் என்பது இன்னொன்று. எது உண்மையோ, 1914 ஜனவரியில் சொற்பொழிவாற்ற மெட்ராஸ் வந்த கேம்பிரிட்ஜ்காரர் நெவில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, இராமானுஜன் கிளம்பத் தயாராக இருந்தார்.

அதன்பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் 3,750 ரூபாய். குமாஸ்தா சம்பளத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்! அதில் மாதம் 60 ரூபாய் வீட்டுக்குப் போகும்படி செய்துவிட்டார். இரண்டாம் வகுப்பு டிக்கெட் வந்தது. கப்பலில் சைவச் சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கே கப்பல் ஏஜெண்டிடம் பேசினார். கோட்டு, சூட்டு, காலர், டை, ஷூ எல்லாம் வாங்கினார்கள். கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடப் பழக்கினார்கள். கடைசியில் குடுமியும் போயிற்று.

அந்தக் கோலத்தில் தாயாரும் மனைவியும் தன்னைப் பார்க்க வேண்டாம் என்று, சில நாள் முன்பே அவர்களைக் கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார். மனைவி ஜானகிக்கு அப்போது 15 வயதுகூட நிரம்பவில்லை. தானும் வருகிறேன் என்று கேட்டாள். கூட்டிப் போனால் அவளைக் கவனிப்பதா, கணக்கைக் கவனிப்பதா என்று மறுத்துவிட்டார். மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் புறப்பட்டபோது வழியனுப்ப இருவரும் அங்கே இல்லை.

மேலே சொன்ன ஏற்பாடுகளைத் திரும்பப் பாருங்கள். பணத்தையும் கப்பல் சாப்பாட்டையும் தள்ளிவிட்டால், மிச்சம் எல்லாமே மற்றவர் கண்ணுக்காகச் செய்தவை. வெள்ளைக்காரர் நடுவில் வித்தியாசமாகத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அங்கே ராத்திரி எப்படித் தூங்குவது என்று யாருமே சொல்லித்தரவில்லை!

விளையாட்டுக்குச் சொல்வது இல்லை. பின்னாளில் புள்ளியியலில் பெரும் பெயர் பெற்ற மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒரு குளிர்நாளில் இராமானுஜன் அறைக்குப் போனவர், ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் நடுங்குகிறது என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தால், மேல்விரிப்புக்கு அடியில் கம்பளிகள் மடிப்புக் கலையாமல் செருகியபடியே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், அத்தனை நாளும் மேல்விரிப்பின் மீதே படுத்திருந்தார். பாயில் படுத்துப் பழகியவருக்கு அது எப்படித் தெரியும்?

சாப்பாடும் அப்படித்தான். கல்லூரிச் சமையலை நம்பாமல் தானே பொங்கிச் சாப்பிட்டார். கணக்கில் மூழ்கினால் அதுவும் மறந்துபோகும். ஆகஸ்டில் உலகப்போர் வேறு வந்தது. வீட்டுக் கடிதங்களும் குறைந்தன. ஜானகியின் கடிதங்களை மாமியார் தடுத்துவிட்டதாகப் பின்னால் தெரியவந்தது. 1917-இல் இராமானுஜன் படுத்துவிட்டார்.

எல்லாப் பழியையும் குளிர்மீது போடுவதும் நியாயம் ஆகாது. காசநோய் என்றுதான் வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் மெட்ராஸில் முன்பு வந்த சீதபேதியின் தொடர்ச்சியாக, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக அது இருக்கலாம் என்று 1994-இல் யங் என்பவர் எழுதினார். அப்படியானால், கிளம்பும்போது நோயும் கூடவே கப்பல் ஏறியிருக்கிறது.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். மகனை ராமேஸ்வரம் அழைத்துப்போய்ப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்பது தாயாரின் திட்டம். அவ்வளவு தூரம் போக உடம்பில் தெம்பு இல்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டு வீட்டில் 32 வயதில் இறந்தார். கடல் தாண்டியவர், பிராயச்சித்தமும் செய்யாதவர் என்று ஆசாரமான உறவினர்களில் பெரும்பாலோர் சாவுக்கு வரவில்லை.