அடுத்த மாசம் வருது சார்!

போன வாரம் மகளுக்கு லேப்டாப் வாங்க ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். காலேஜில் சேர்ந்துவிட்டாள். இனி அது இல்லாமல் ஆகாது என்கிறார்கள். நாலு கடை ஏறி இறங்கி, ஒரு கடையில் விலை படிந்து, சட்டைப் பையிலிருந்து கார்டை எடுக்கிற நேரம். கடைப் பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

'சார், அவசரம் இல்லேன்னா வெயிட் பண்ணுங்க. அடுத்த மாசம் புது மாடல் வருது.'

அவ்வளவுதான். மகள் என்னைப் பார்த்தாள். நான் கார்டை உள்ளே வைத்தேன். இரண்டு பேரும் காலிக் கையோடு வீட்டுக்குத் திரும்பினோம். நல்ல பையன், உண்மையைச் சொன்னான். ஆனால் அது அவனுடைய முதலாளி காதில் விழுந்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். செல்போனோ, லேப்டாப்போ, வாங்கலாம் என்று கிளம்பினால் யாராவது ஒருவர் குறுக்கே வந்து, 'கொஞ்சம் பொறுங்க, புதுசு வரப்போகுது' என்பார். பொறுப்போம். புதுசு வரும். வந்த அன்றே அதற்கு அடுத்த புதுசைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும். இப்படிப் பொறுத்துப் பொறுத்தே ஒன்றும் வாங்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

வாங்குகிறவனுக்கு இது ஒரு சின்ன அவஸ்தை. விற்கிறவனுக்கோ உயிர் போகிற விஷயம். இந்த ஒரு வாக்கியத்தை வாய்தவறிச் சொன்னதால் ஒரு பெரிய கம்பெனியே மூழ்கிப்போனது என்று கம்ப்யூட்டர் உலகில் நாற்பது வருடமாக ஒரு கதை சொல்கிறார்கள். அந்த வியாதிக்கு மூழ்கியவரின் பெயரையே வைத்தும்விட்டார்கள். ஆஸ்பர்ன் எஃபெக்ட்.

யார் இந்த ஆஸ்பர்ன்? அமெரிக்கக் கதைதான். ஆனால் திருவண்ணாமலையில் ஆரம்பித்து கொடைக்கானலில் முடிகிறது. நம்புங்கள்.

ஆடம் ஆஸ்பர்ன் 1939ல் பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர், அங்கே கல்லூரி ஆசிரியர். அம்மா லூசியா போலந்துக்காரர். ஆர்தருக்கு ரமண மகரிஷியிடம் ஈடுபாடு. பிற்பாடு ரமணரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவரும், 1964ல் 'தி மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவரும் இவர்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மனைவியையும் குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். அங்கே ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஆர்தரைப் பிடித்து முகாமில் போட்டார்கள். போர் முடிகிறவரை அப்பா இல்லாமல்தான் சிறுவன் ஆடம் அண்ணாமலையார் மலையடிவாரத்தில் வளர்ந்தான். அப்புறம் கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்ட்டில் ஆறாம் வகுப்பு வரை படிப்பு. பதினோரு வயதில், 1950ல், இங்கிலாந்து.

பர்மிங்ஹாமில் கெமிக்கல் இன்ஜினீயரிங். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம். நம்மூர் அப்பாக்கள் இதோடு ஜென்ம சாபல்யம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். ஆடமுக்கு உட்கார முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் பற்றி எழுத ஆரம்பித்தார். மைக்ரோ கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று சாதாரண ஆசாமிக்கும் புரிகிறமாதிரி எழுதிய புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. சொந்தப் பதிப்பகம் தொடங்கி, 1979ல் அதை மெக்ராஹில்லுக்கு விற்றார். பக்கத்தில் பத்திரிகையில் ஒரு பத்தி வேறு. கம்ப்யூட்டர் கம்பெனிகளை ஒன்று விடாமல் வெளுத்து வாங்குகிற பத்தி.

பத்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. 'இவனுங்களுக்கு ஒண்ணுமே தெரியலை, நானா இருந்தா...' என்று தோன்றிக்கொண்டே இருக்கும். எனக்கும் தோன்றும். கையில் காசு இல்லாததால் பிழைத்தேன். ஆஸ்பர்னிடம் காசு இருந்தது.

1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கண்காட்சி. அங்கே ஆஸ்பர்ன் 1 என்ற பெட்டியைத் திறந்து காட்டினார். வடிவமைத்தவர் லீ ஃபெல்சென்ஸ்டைன் என்ற கில்லாடி இன்ஜினீயர். மூடினால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். திறந்தால் உள்ளே கம்ப்யூட்டர். விமானத்தில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். விலை 1,795 டாலர்.

இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். எடை சுமார் 11 கிலோ. பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்களா? அதைவிட ஒரு பிடி அதிகம். ஐந்து அங்குல ஸ்கிரீன். தபால் கார்டைவிடச் சின்னது. ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும், மிச்சத்தைப் பார்க்க நகர்த்த வேண்டும். நினைவகம் 64 கிலோபைட். பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் பிளக் பாயின்ட் தேட வேண்டும்.

ஆனால் ஆஸ்பர்னின் கணக்கே வேறு. உலகத்திலேயே சிறந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. வேலைக்குப் போதுமானது இருந்தால் போதும். அதை மலிவாகக் கொடு. கூடவே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் என்று கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய சாஃப்ட்வேரையெல்லாம் இலவசமாகப் போட்டுக்கொடு. தனியாக வாங்கினால் அந்த சாஃப்ட்வேருக்கே சுமார் 1,500 டாலர் ஆகும். அப்படிப் பார்த்தால் கம்ப்யூட்டரின் விலை 300 டாலர்! ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிகூட இப்படி இருந்ததில்லை.

ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள். 1981ல் சுமார் 60 லட்சம் டாலர் வியாபாரம். அடுத்த வருடம் சுமார் 7 கோடி டாலர். நன்றாக ஓடிய காலத்தில் மாதத்துக்கு 10,000 பெட்டிகள். அமெரிக்காவே ஆஸ்பர்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

இனிமேல்தான் அந்தப் பிரபலமான கதை.

1983 தொடக்கம். ஆஸ்பர்ன் எக்ஸிக்யூட்டிவ் என்று அடுத்த மாடல் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஏழு அங்குல ஸ்கிரீன், இரண்டு மடங்கு நினைவகம். ஆஸ்பர்னுக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் முன்கூட்டியே காட்டினார், பேசினார். செய்தி கடைகளுக்குப் போயிற்று. ரிச்சி தெருப் பையன் எனக்குச் சொன்னதை அமெரிக்காவின் அத்தனை கடைக்காரர்களும் சொன்னார்கள். வாங்க வந்தவர்கள் கார்டை உள்ளே வைத்தார்கள். கடைக்காரர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள். பழைய மாடல் கிடங்கில் மலையாகக் குவிந்தது. ஜூலையில் விலையை 1,295 டாலராகக் குறைத்துப் பார்த்தார்கள். ம்ஹூம். 1983 செப்டம்பர் 13. கம்பெனி திவால்.

நீதி: புதுசைப் பற்றி வாயைத் திறக்காதே.

நிர்வாகக் கல்லூரிகளில் இன்றைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கச்சிதமான கதை. எனக்கு அதனாலேயே கொஞ்சம் சந்தேகம். நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, ஆனால் ஒரு கம்பெனி செத்துவிட்டது என்றால் முதலில் கேஷ் புக்கைக் கொண்டா என்பேன். வாருங்கள், பார்ப்போம்.

முதல் கேள்வி. ஆஸ்பர்ன் 1ஐ வாங்காதவர்கள் உண்மையிலேயே எக்ஸிக்யூட்டிவுக்காகத்தான் காத்திருந்தார்களா? எக்ஸிக்யூட்டிவின் விலை 2,495 டாலர். 1982லேயே கேப்ரோ என்று ஒரு போட்டிக்காரன் வந்துவிட்டான். அதே மாதிரிப் பெட்டி, ஒன்பது அங்குல ஸ்கிரீன், இலவச சாஃப்ட்வேர். விலை? அதே 1,795. நீங்கள் கடையில் நின்றிருந்தால் எதை எடுத்திருப்பீர்கள்?

இன்னொரு பக்கம் காம்பேக். 1983 மார்ச்சில் அவர்களுடைய பெட்டி கடைக்கு வந்தது. விலை அதிகம்தான். ஆனால் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் ஓடுவதெல்லாம் அதில் ஓடும். ஐ.பி.எம். 1981ல் களத்தில் இறங்கியதிலிருந்து அமெரிக்க ஆபீஸ்கள் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நேரம். காம்பேக் முதல் வருடமே 53,000 பெட்டிகளை விற்றது. ஆஸ்பர்னின் புது மாடலோ அப்போதும் பழைய சி.பி./எம். ஜாதி. ஆக, வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை. பக்கத்து அலமாரியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது கேள்வி. கல்லாப்பெட்டியில் என்ன இருந்தது? 1983 ஜனவரியில் கம்பெனியை நடத்த ராபர்ட் ஜானிக் என்ற பெரிய நிர்வாகியை, ஓர் உணவுப்பொருள் நிறுவனத்திலிருந்து கூட்டிவந்தார்கள். பொதுமக்களுக்குப் பங்கு விற்றுப் பணம் திரட்டுவதாகத் திட்டம். அதற்காகக் கணக்கைத் தோண்டினால், லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது நஷ்டம்! பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. வியாபாரம் பத்து மடங்குக்கு மேல் பெருகிய கம்பெனிக்கு, தான் சம்பாதிக்கிறதா இழக்கிறதா என்பதே தெரியவில்லை. எனக்கு அக்கவுன்டன்சி எடுத்த வாத்தியார் இருந்திருந்தால் அங்கேயே பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார்.

மூன்றாவதாக ஒரு கதையும் உண்டு. இது 2005ல் வெளியே வந்தது. எக்ஸிக்யூட்டிவ் வந்தபிறகு, பழைய மாடலுக்கான மதர்போர்டுகள் ஒன்றரை லட்சம் டாலர் மதிப்புக்குக் கிடங்கில் கிடப்பதை ஒரு அதிகாரி கண்டுபிடித்தாராம். வீணாகப் போகலாமா? முழு கம்ப்யூட்டராக்கி விற்றுவிடலாமே! ஸ்கிரீன், டிஸ்க் டிரைவ், பெட்டி என்று ஒவ்வொன்றாக வாங்கியதில் 20 லட்சம் டாலர் செலவு. மிச்சமிருந்த ரொக்கமும் அதில் போயிற்று. அரை லிட்டர் மாவு மிஞ்சியதே என்று கல்யாணத்துக்குப் பந்தி போட்ட கதை. 

இதில் எது உண்மை என்றால், எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். விற்பனையில் ஒரு பள்ளம் விழுந்தது நிஜம். ஆனால் கையில் ரொக்கம் உள்ள கம்பெனி அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும். ஆஸ்பர்னிடம் ரொக்கம் இல்லை. வாய் செய்தது பாதி, கணக்குப் புத்தகம் செய்தது பாதி. பெயர் மட்டும் வாய்க்குப் போய்விட்டது.

சந்தேகமா? ஆப்பிளைப் பாருங்கள். ரகசியம் காப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவர்களுடைய டெஸ்க்டாப்புக்கு 2003ல் ஜி5 சிப் வந்ததும், லேப்டாப்புக்கு எப்போது என்று ரசிகர்கள் ஆரூடம் சொல்ல ஆரம்பித்தார்கள். 'அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறது' என்பது உலகளாவிய ஜோக் ஆயிற்று. கடைசிவரை வரவில்லை. சூடு தாங்காத சிப். 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ், இன்டெல்லுக்கு மாறுகிறோம் என்று தானே பகிரங்கமாக அறிவித்தார். முதல் இன்டெல் லேப்டாப் வந்தது 2006ல். கம்பெனி மூழ்கவில்லை. 2020 ஜூனில் திரும்பவும் அதே மாதிரி: இன்டெல்லை விட்டுவிட்டு சொந்த சிப்புக்கு மாறப்போகிறோம் என்றார்கள். புது மெஷின் வந்தது நவம்பரில். நடுவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை, 'பழசாகப் போகிற' மேக் கம்ப்யூட்டர்களில் சுமார் 900 கோடி டாலர் வியாபாரம். அதுவரை இல்லாத சாதனை. கொரோனாவால் வீட்டிலிருந்து வேலை. எல்லாருக்கும் உடனே கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அடுத்த மாடல் வரட்டும் என்று யாரும் உட்காரவில்லை.

தேவை இருக்கிறவன் காத்திருப்பதில்லை. ஆசைப்படுகிறவன்தான் காத்திருக்கிறான். இவ்வளவுதான் விஷயம்.

ஆஸ்பர்ன் அதோடு ஓயவில்லை. 1984ல் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்று மலிவு விலை சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கினார். எங்கள் சாஃப்ட்வேரைக் காப்பியடித்துவிட்டார் என்று லோட்டஸ் கம்பெனி 1987ல் கோர்ட்டுக்குப் போனது. 1990ல் லோட்டஸ் ஜெயித்தது. அந்தக் கம்பெனியும் போயிற்று. அப்புறம் மூளையைப் பாதிக்கிற வியாதி வந்தது. 1992க்குப் பிறகு இந்தியாவுக்கே திரும்பினார். சகோதரியின் பராமரிப்பில் கொடைக்கானலில் இருந்தார். 2003 மார்ச் 18ம் தேதி காலமானார். வயது 64.

கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உலகத்துக்கு விற்றுக் காட்டிய மனிதர், தான் சின்னப் பையனாக ஸ்கூலுக்குப் போன அதே மலையூரில் கண்ணை மூடியிருக்கிறார். கொடைக்கானல் போகிற நாம் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அவரை நினைப்பவர் எத்தனை பேர்? நினைப்பவர்களும் அவருடைய தோல்வியின் பெயராகத்தான் நினைக்கிறார்கள். அந்தத் தோல்வியிலும் பாதிதான் அவருடைய வாயால் வந்தது என்பதையாவது நாம் தெரிந்துவைத்துக்கொள்வோம்.

மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

'அப்பா, எனக்கு லேப்டாப் தேவையா, ஆசையா?'

'என்னைக்கு காலேஜ் ஆரம்பம்?'

'திங்கட்கிழமை.'

சனிக்கிழமையே போய் வாங்கிவிட்டோம். அதே கடை, அதே பையன், அதே மாடல். பில் போடும்போது பையன் திரும்பவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையெடுத்துக் கும்பிட்டேன்.