லூல்கந்துரயின் 19 ஏக்கர்

ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 17 வயது நிறையுமுன் 1852இல் இலங்கைக்கு வந்து, கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைகளிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் சேர்ந்தார். சாகும்வரை நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். மலைநாடெங்கும் கோப்பி கொழித்த காலம் அது. 1867இல் அவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொழிற்சாலை என்று தனியே ஒன்று இல்லை. பங்களா விறாந்தையே தொழிற்சாலை. வாடிய கொழுந்தை மேசையில் பரப்பிக் கையாலேயே உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் காயவைத்தார்கள். உருட்டும் பொறியையும் டெய்லர் பின்னர் தாமே செய்துகொண்டார். 1874இல் எடுத்த ஒரே விடுமுறையையும் டார்ஜிலிங்கில் தேயிலை பார்ப்பதிலேயே செலவழித்தார். இதை விடுமுறை என்று சொல்வதே சற்று அதிகம்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் கோப்பியைக் கருக்கியது. தோட்டக்காரர்கள் சிங்கோனா, கொக்கோ, ஏலம் என்று கைக்கு வந்ததையெல்லாம் நட்டனர். எல்லாரும் ஒரேயடியாக நட்ட சிங்கோனாப் பட்டையின் விலை 1880களில் சரிந்தது. டெய்லரும் சிங்கோனா வளர்த்தவர்தான். ஆனால் தேயிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடிக்கடி இடம் மாற்றி நடும் செடி வலுப்பெறாது என்பதை ரோம ஸ்டோயிக் அறிஞர் செனெகா லூசிலியசுக்கு எழுதிய கடிதமொன்றில் சிதறும் மனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். சிங்கோனாவில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

1892இல் நிர்வாகம் டெய்லரை வேலையை விட்டுப் போகச் சொன்னது, அவர் மறுத்தார். அவ்வாண்டு மே 2ஆம் திகதி தோட்டத்திலேயே இறந்தார். அதற்குள் ரயில் பாதை ஹட்டனையும் நானுஓயாவையும் எட்டி, டிக்கோயா, திம்புள மலைகள் தேயிலைக்கு மாறியிருந்தன. 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று லட்சத்தைத் தாண்டியது.

இந்த மாற்றத்தின் பாரம் தொழிலாளர் மேல் விழுந்தது. கோப்பிப் பழம் பறிக்க வந்த தமிழர் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. ஏழெட்டு நாளுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்பிக் கொழுந்தெடுக்க வேண்டும். குடும்பங்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் நிலைத்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து, முற்றல் கலக்காமல் இரு கையாலும் கிள்ளும் லாவகம் பெண்களுக்குச் சிறுவயதிலேயே கைவந்தது. கூலி அந்த லாவகத்துக்கல்ல, தராசுக்கே. நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான்.