சிறுபடகும் பின்பலகையும்: டிக்கோயா நீர்ப்பரப்பை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஈழத்தின் தொழினுட்ப வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பெரியனவற்றையே கண்டனர். அணைக்கட்டு, புகையிரதப் பாதை, தேயிலைத் தொழிற்சாலை என்பன பக்கம் பக்கமாகப் பேசப்பட்டுள்ளன. சிறுபடகொன்றின் பின்புறத்தில் தொங்கும் இயந்திரம் எவ்வளவு உயரத்தில் மாட்டப்பட வேண்டும் என்ற கேள்வி வரலாற்றுக்குரியதாக எவருக்கும் தோன்றியதில்லை. ஆயினும் அக்கேள்வியைப் பின்தொடர்ந்து செல்வோமாயின், கரையோரத் தமிழரின் மீன்பிடித் தொழில் அடைந்த மாற்றமும், மலையகத்தின் பள்ளத்தாக்குகள் நீருள் அமிழ்ந்த கதையும் ஓரிடத்தில் வந்து சந்திப்பதைக் காண்கிறோம். அவ்விடம் டிக்கோயா.

முதலில் பொறியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். படகின் வெளியே மாட்டிக் கழற்றக்கூடிய இயந்திரத்தை 1909 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வெற்றிகரமாக உருவாக்கியவர் நோர்வேயிற் பிறந்த ஓல் எவின்றூட். கமரன் வாட்டர்மன் என்பார் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இத்தகைய முயற்சியில் ஈடுபட்டிருந்தார். எவின்றூட்டின் பொறி ஒன்றரைக் குதிரைவலு கொண்டது. அவர் மனக்கண்ணில் இருந்தது ஏரியிற் செல்லும், பின்புறம் தட்டையாக வெட்டப்பட்ட படகு. அத் தட்டையான பின்பலகையைப் பற்றிப் பிடிப்பதற்கென்றே பொறியின் கவ்வி அமைக்கப்பட்டது. இன்றுவரை அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. பொறியின் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் என வரையறுத்த நீளங்களில் வருவதும் பின்பலகையின் உயரத்தைக் கருத்திற்கொண்டே.

எமது கடற்கலங்களுக்கோ பின்பலகை இல்லை. கட்டுமரம் மரங்களைப் பிணைத்தது. வள்ளத்தின் இரு முனைகளும் கூர்மையானவை. மேற்குக் கரையின் புறமிதவைத் தோணியும் அவ்வாறே. கரையிலே தள்ளி ஏற்றவும், அலையைப் பிளந்து செல்லவும், முன்பின் திருப்பாமலே இரு திசையும் செலுத்தவும் அவ்வடிவம் உதவிற்று. ஆகவே இயந்திரம் கரைக்கு வந்தபோது தீர்க்கவேண்டிய முதற் சிக்கல் வலு பற்றியதன்று. அதனை எங்கே மாட்டுவது என்பதே. 1953 இல் கேரளத்தின் நீண்டகரையிற் பணி தொடங்கிய இந்திய–நோர்வேத் திட்டத்தினர் பழைய தோணிகளுக்கே பொறி பூட்ட முயன்று, அது பொருந்தாதெனக் கண்டு, புதிய வடிவப் படகுகளை நாடினர். 1980களில் கேரளத்து மீனவர் தாமே முன்வந்து, தம் பலகைத் தோணிகளில் மரச்சட்டம் பொருத்தி வெளியிணைப்பு இயந்திரங்களைத் தொங்கவிட்டனர். பொறியியலாளர் கைவிட்ட சிக்கலைப் பயன்படுத்துவோர் தச்சன் துணையுடன் தீர்த்துக்கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. குமரி மாவட்டத்து முட்டத்தில் பியர் ஜில்லே என்னும் பெல்ஜியப் பொறியியலாளர் ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டும் முறையைப் பரப்பியதும் இக்காலத்ததே.

ஈழத்திலே வழி வேறு. 1958 முதல் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் தவணைக் கடனில் வழங்கப்பட்டன. இவற்றின் இயந்திரம் உள்ளே இருந்தது. அடுத்து வந்த கண்ணாடியிழைப் படகு ஏறத்தாழப் 18 அடி நீளமுடையது, பின்பலகையுடனேயே வார்க்கப்பட்டது. 1967 இல் நோர்வே உதவியுடன் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் இத்தகைய படகுகளைக் கட்டிற்று. பொறிக்கு ஏற்பப் படகு மாறியது. படகுக்கேற்ப மூலதனமும் கடனும் மாறின. உற்பத்திச் சாதனத்தின் உடைமை யாரிடம் சென்றது என்பது தனியே விரிவாக ஆராயப்படவேண்டியது. போர்க்காலத்தில் வடபகுதியிலே இயந்திர வலுவுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டபோது, இப்படகை நம்பியோர் துடுப்பைத் தேடவேண்டி வந்ததையும் இங்கே குறிப்பது தகும்.

இனி உயரம். சுழலியின் மேலே, பொறியின் கீழ்ப்பகுதியில், தட்டையான உலோகத் தகடு ஒன்று உண்டு. மேலேயுள்ள காற்றைச் சுழலி உறிஞ்சாது தடுப்பதே அதன் பணி. இத்தகடு படகின் அடிமட்டத்துடன் ஒரே கோட்டில், அல்லது ஓர் அங்குலம் வரை கீழே இருத்தல் பொதுவிதி. மிக உயர்த்தி மாட்டினால் சுழலி நுரையைச் சுழற்றும். பொறி வீணே அலறும், படகோ நகராது. பொறியைக் குளிர்விக்கும் நீரை இழுக்கும் துளைகளும் அப்பகுதியிலேயே இருப்பதால் நீருக்குப் பதில் காற்றுப் புகுந்து பொறி சூடேறும். மிகத் தாழ்த்தி மாட்டினாலோ நீரின் எதிர்ப்பு மிகும், எரிபொருள் கூடும், ஆழமற்ற இடத்தில் சுழலி தரையில் மோதும். படகின் பின்பலகை தண்டின் நீளத்துக்குக் குட்டையாயின், பலகைத் துண்டொன்றை மேலே வைத்து உயர்த்துவர். சுமையுடன் ஓட்டிப் பார்த்து, அரை அங்குலமாக மாற்றுவதே முறை. வெறும் படகில் அளந்தது ஆள் ஏறியபின் பொய்யாகும்.

இந்த விதி டிக்கோயாவுக்கு வந்து சேர்வது எவ்வாறு? கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 இல் எழுந்தது காசல்ரீ நீர்த்தேக்கம். அதே ஆண்டில் அதன் நீரால் இயங்கும் 50 மெகாவாற்று விமலசுரேந்திர மின்நிலையமும் தொழிற்படத் தொடங்கிற்று. நான்கு ஆண்டுகளின் பின் மஸ்கெலி ஓயாவில் மவுசாக்கலை. இவ்விரு ஆறுகளும் கூடியே களனி கங்கையாகின்றன. 1918 இல் டீ. ஜே. விமலசுரேந்திர லக்ஷபானவின் நீர்வலுவைக் குறித்து வாசித்த கட்டுரையே இவற்றுக்கெல்லாம் விதை. பழைய லக்ஷபான மின்நிலையம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. இவ்வரலாற்றை எழுதுவோர் நினைவூட்டத் தவறும் ஒரு செய்தி உண்டு. காசல்ரீ நிரம்புவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1964 ஒக்டோபர் 30 இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்குமென எண்களாகப் பகுக்கப்பட்டனர். பள்ளத்தாக்கில் நீர் ஏறியது. சரிவிலிருந்தவர்களுக்கோ நாடு உறுதியாகவில்லை. அந்நீர் கொடுத்த மின்னொளி கொழும்புக்குச் சென்ற பின்னரும் பல லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

ஆறு இருந்தபோது கால்நடையாகக் கடந்த இடம், நீர்த்தேக்கம் வந்தபின் படகு வேண்டும் இடமாயிற்று. உண்ணாட்டு நீர்நிலைகளில் மீன்பிடிப்போர் பெரும்பாலும் இயந்திரமற்ற சிறுதோணிகளையே கையாளுகின்றனர். இயந்திரம் பூட்டிய படகு இங்கு சிறுபான்மை. அச்சிறுபான்மையிலேதான் கரையோரத்து விதி மலைக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது.

கடலுக்கும் காசல்ரீக்கும் வேறுபாடுகள் பல. நன்னீர் கடல்நீரிலும் ஏறத்தாழ இரண்டரை வீதம் அடர்த்தி குறைந்தது. எனவே படகு இங்கே சற்று ஆழ அமிழும் என்பர் சிலர். கணக்கிட்டால் அது சில மில்லிமீற்றரே, சிறுபடகிற்குப் பொருட்டன்று. மெய்யான வேறுபாடு வளியில் உள்ளது. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீற்றருக்கு மேலுள்ள இப்பகுதியில் காற்று மெலிந்தது. ஆகவே எந்த இயந்திரமும் தன் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். கரையில் உகந்ததாகத் தோன்றிய சுழலி இங்கே பாரமாகிறது. ஏற்றங் குறைந்த சுழலியே பொறியைத் தன் சுழற்சிக்குக் கொண்டுவரும். வலு குறைந்த நிலையில் வீண் எதிர்ப்பைத் தாங்க இயலாமையால், தகட்டை அங்குலத்துக்கு மேல் தாழ்த்தி வைப்பது மலையில் இரட்டைத் தவறு. கடலில் அலை பின்புறத்தைத் தூக்கும்போது சுழலி வெளியே வராதிருக்கச் சற்றுத் தாழ்த்துவர். தேக்கத்தில் அத்தகைய அலை இல்லை.

இவற்றிலும் முதன்மையானது நீர்மட்டம். கடல் நாளுக்கு இருமுறை சிறிதே ஏறி இறங்கும். மின்னுற்பத்திக்கான தேக்கமோ தென்மேற்குப் பருவமழையில் நிறைந்து, தை முதல் சித்திரை வரையான வறட்சியில் வெகுவாக வற்றும். கரை விலகும், சேறும் கல்லும் வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகளும் நீருக்குச் சற்றே கீழே நிற்கும். ஆனி மாதத்தில் சரியாக மாட்டிய உயரம் பங்குனியில் ஆபத்து. ஆகவே இங்கு உயரத்தை ஆண்டுக்கொருமுறை நிலைநாட்டுதல் போதாது. இயந்திரம் மோதினால் தானாக மேலே சாயும்படி பூட்டைத் தளர்த்தி வைத்தலும், கரையை நெருங்குகையில் கையால் தூக்கிக்கொள்ளுதலும் வேண்டும். பின்னோக்கிச் செலுத்துகையில் மட்டும் பூட்டியிருத்தல் அவசியம். இல்லையேல் பொறி தானே மேலே எழும்பும்.

மவுசாக்கலையில் இது வேறொரு பொருளும் பெறுகிறது. அங்கே பழைய மஸ்கெலியா நகரம் நீருள் கிடக்கிறது. நீர் வற்றும் ஆண்டுகளில் இந்துக் கோவிலின் எச்சங்களும் பள்ளிவாசலும் விகாரையும் மேலெழுவதைக் காண மக்கள் கூட்டமாய்ச் செல்வர். அந்நாள்களில் படகு செலுத்துவோன் கீழே கிடப்பது எதுவென அறிந்தே பொறியை உயர்த்த வேண்டும். தெருக்களையும் மதில்களையும் நினைவிற் கொண்டிருக்கும் முதியோர் படகிலிருந்தால் அவர்தாம் அவனுக்கு வழிகாட்டி.