சியாங்சி திரைப்படங்கள்

சியாங்சி திரைப்படங்கள் என்பவை குங்ஃபூ சண்டை, பேய்க்கதை, நகைச்சுவை ஆகிய மூன்றும் கலந்த ஹொங்கொங் திரைப்பட வகையாகும். இவை 1980களில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தன. சியாங்சி என்னும் சீனச் சொல் விறைத்த பிணம் எனப் பொருள்படும். சிங் அரசமரபுக் கால அதிகாரிகளின் உடையணிந்து, முழங்காலை மடக்க இயலாமல், கைகளை முன்னே நீட்டியபடி துள்ளித் துள்ளி வரும் பிணமே இப்படங்களின் பேய்.

நாட்டார் நம்பிக்கை

வெளியூரில் இறந்தவரைச் சொந்த ஊரில் அடக்கம் செய்யாவிடில் அவரது ஆவி அமைதியடையாது என்பது சீனரின் பழைய நம்பிக்கை. ஆகவே தாவோயியப் பூசாரிகள் மந்திரத்தால் பிணங்களை இரவில் நடத்திச் செல்வர் என்ற கதை ஹுனான் மாகாணத்தின் மேற்குப் பகுதியில் வழங்கியது. மூங்கிற்கழிகளில் கட்டிச் சுமக்கப்பட்ட பிணங்கள், கழி வளைந்தாடும்போது துள்ளுவதுபோல் தோன்றியிருக்கலாம் என்று இதற்கு விளக்கம் கூறுவர்.

முதன்மைப் படங்கள்

சம்மோ ஹங் இயக்கி நடித்த என்கவுண்டர்ஸ் ஆஃப் த ஸ்பூக்கி கைண்ட் (1980) இவ்வகைக்கு வழி திறந்தது. அதில் நாயகனின் ஒரு கை மட்டும் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு, அவன் விருப்பத்துக்கு மாறாக உணவகத்தில் சண்டையிடும் காட்சி புகழ்பெற்றது. சம்மோ ஹங் தயாரிப்பில் ரிக்கி லாவ் இயக்கிய மிஸ்டர் வாம்பயர் (1985) இவ்வகையின் இலக்கணமாகவே ஆனது. அதைப் பின்பற்றி ஏராளமான படங்கள் வந்தன. பெரும்பாலானவை நினைவில் நிற்பவை அல்ல.

ஈர்ப்பு

இப்படங்களில் அச்சமும் சிரிப்பும் ஒரே ஊற்றிலிருந்து பிறக்கின்றன. பேயை அடக்கும் விதிகள் திட்டவட்டமானவை: மூச்சை அடக்கினால் சியாங்சி ஆளை அறியாது, நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டினால் அசையாது, அதன் நச்சை ஒட்டும் தன்மையுள்ள அரிசி முறிக்கும். ஆனால் விதிகளைக் கையாளும் மனிதர்கள் கவனமற்றவர்கள். மிஸ்டர் வாம்பயர் படத்தில், தச்சர் மரத்தில் நூலடிப்பதுபோல் சவப்பெட்டியெங்கும் மந்திர மையால் கோடிடச் சொல்கிறார் குரு. சீடர்கள் அடிப்பாகத்தை மறந்துவிடுகின்றனர். பிணம் அவ்வழியே தப்புகிறது. பின்னர் நச்சேறிய சீடனுக்காக வாங்கும் அரிசியில் கடைக்காரர் சாதாரண அரிசியைக் கலந்து விற்கிறார். (அரிசியில் கலப்படம் ஓர் உயிரின் பிரச்சினையாகும் பேய்ப்படம் இதுவாகத்தான் இருக்கும்.) பிணம் கெட்டுப்போனதற்கே காரணம் உயிருள்ளவர்களின் குற்றம்தான்: மிரட்டி வாங்கிய இடுகாட்டு நிலம், அதற்காக வஞ்சம் தீர்த்த நிலக்குறிப் பார்வையாளர்.

சண்டைக்கும் இவ்விறைப்பு புதுமை தந்தது. வளையாத, வலி அறியாத உடலை அடிப்பதால் பயனில்லை. எனவே வலிமையைவிட உடலின் நேரக்கணிப்பே முக்கியமாகிறது. இதற்குச் சீன இசைநாடகப் பள்ளிகளில் பயின்ற நடிகர்கள் பெரிதும் உதவினர்.

லாம் சிங்-யிங்

குருவாக நடித்த லாம் சிங்-யிங் (1952–1997) அத்தகையவர். புரூஸ் லீயின் படங்களில் சண்டைக் கலைஞராகப் பணியாற்றியவர். இணைந்த புருவங்களும் சிரிக்காத முகமும் கொண்ட மூத்த பூசாரியாக அவர் நடித்தபோது அவருக்கு வயது முப்பதுகளின் தொடக்கமே. சுற்றிலும் கூத்து நிகழ, அவர் மட்டும் தம் தொழிலை மெய்யாக நம்புவதால்தான் பார்வையாளரும் நம்புகின்றனர். பின்னர் வாழ்நாள் முழுதும் இவ்வேடமே அவரைத் தொடர்ந்தது.

பிற்காலம்

1990களில் இவ்வகை தளர்ந்தது. ஜூனோ மாக் இயக்கிய ரிகர் மோர்ட்டிஸ் (2013), பழைய படத்தின் சீடராக நடித்த சின் சியு-ஹோவையே, வாய்ப்பிழந்து பாழடைந்த அடுக்குமாடியில் குடியேறும் நடிகராகக் காட்டியது. அதில் சியாங்சி உண்டு, சிரிப்பு இல்லை.