மாதிரி ரயில் தண்டவாளம்: பிரிட்டனின் ஓஓ வகை

ஓஓ என்பது பிரிட்டனில் மிகப் பரவலாக உள்ள மாதிரி ரயில் வகை. இதில் வண்டிகள் அசலில் 76.2இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மி.மீ. அசல் பாதையின் 1435 மி.மீ. அகலத்தை இதே கணக்கில் சுருக்கினால் 18.83 மி.மீ. வரவேண்டும். இந்தப் பிசகு பொம்மைக் கடைகளின் காலத்தில் நேர்ந்தது.

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் பொம்மைப் பாதைகளின் அகலங்களுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தியது. பின்னர் வந்த 0 அளவின் அகலம் 32 மி.மீ. சாப்பாட்டு மேசைக்கு அதுவும் பெரிதாக இருந்ததால், ஏறக்குறைய பாதி அகலமான 16.5 மி.மீ. பாதையில் ஓடும் ரயிலை நூரம்பெர்க்கின் பிங் நிறுவனம் 1922இல் பிரிட்டனின் பாசட்-லோக் நிறுவனத்துக்காகச் செய்தது. அந்த அகலத்துக்குப் பொருத்தமான உடல் 87இல் ஒரு பங்கு அளவுதான். ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுக்கமானவை. அன்றைய மோட்டார் அந்தச் சிறிய உடலுக்குள் அடங்கவில்லை. உடலைப் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டார்கள். 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ ரயில் வரிசை அதை நிலைநிறுத்தியது. பின்னாளில் 18.2 மி.மீ. அகல ஈஎம் வகையும், அளவு பிசகாத 18.83 மி.மீ. பி4 வகையும் தோன்றின. அவற்றில் பாதையின் பெரும்பகுதியைக் கையாலேயே கட்ட வேண்டியிருந்தது. எஞ்சின்களின் சக்கரங்களையும் மாற்ற வேண்டும்.

ஓஓவிலேயே நிற்பவர் முதலில் கவனிக்க வேண்டியது தண்டவாளத்தின் உயரம். அதைக் 'கோடு' எண்ணால் குறிப்பர். அது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்லும் கணக்கு. கோடு 100 என்பது 2.54 மி.மீ., கோடு 75 என்பது 1.9 மி.மீ. நீராவிக் காலத்தின் புல்ஹெட் (தலை பருத்த) தண்டவாளம் சுமார் 145 மி.மீ. உயரம், சுருக்கினால் சரியாகக் கோடு 75 வரும். கோடு 100 பார்வைக்குத் தடித்தது. பழைய பொம்மை வண்டிகளின் ஆழமான சக்கர விளிம்புக்கே அது தேவை. அடுத்தது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர். எட்டரை அடி ஸ்லீப்பர் ஓஓவில் 34 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் கடையில் கிடைத்த டிராக்கில் 87இல் ஒரு பங்குக் கணக்கில் அமைந்த ஸ்லீப்பர்களே குட்டையாகவும் நெருக்கமாகவும் இருந்தன. பாதை குறுகலாகத் தோன்றியதற்கு அகலத்தைவிட இதுவே பெரிய காரணம். ஸ்லீப்பர்களைத் தளர்த்தி இடைவெளியைக் கூட்டினாலே தோற்றம் வெகுவாகத் திருந்தும்.

ரயிலை வேறு பாதைக்குத் திருப்பும் பாயிண்டுகளில் தண்டவாளங்கள் குறுக்கிடும் கூர்முனை பிளாஸ்டிக்காக இருந்தால் சிறிய ஷண்டிங் எஞ்சின்கள் மின்சாரம் அற்று நின்றுவிடும். உலோக முனையே மேல். பாயிண்ட் திரும்பும்போது அதன் மின்முனையும் மாறும்படி ஒரு சுவிட்சும், உரிய இடங்களில் பிளாஸ்டிக் இணைப்பிகளும் வேண்டும்.

ஜல்லி இடும் முன் தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப் பழுப்பு பூசி, மேற்பரப்பை உடனே துடைக்க வேண்டும். புதிய ஸ்லீப்பருக்குக் கருப்பும் வெயிலில் வெளுத்ததற்குச் சாம்பல் நிறமும் பொருந்தும். ஜல்லியைத் தூரிகையால் ஒதுக்கி, சோப்புக் கரைசல் சொட்டிய நீரைத் தெளித்து, தண்ணீர் கலந்த பிவிஏ பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாயிண்டின் அசையும் நாக்குகளுக்குள் பசை புகக்கூடாது. நீராவிக் காலத்து யார்டுகளில் கல் ஜல்லியைவிட எஞ்சின் சாம்பலே மிகுதி. அங்கே கருஞ்சாம்பல் தூள்தான் பொருத்தம்.

சரியான ஸ்லீப்பர் இடைவெளியுள்ள ஓஓ புல்ஹெட் டிராக் இன்று ஆயத்தமாகவே கடைகளில் கிடைக்கிறது.