இரண்டு மொழி, ஒரு மெட்டு



போன வாரம் ஓசூர் பேருந்து நிலையத்தில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்தவர். செல்போனில் 'பாகுபலி' இசை ஓடிக்கொண்டிருந்தது. "சார், அந்தக் காலத்து ராஜா ராணிப் படத்தில் இப்படிப் பின்னணி இசை உண்டா?" என்று கேட்டார். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. அப்போது சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தை எடுத்துக்கொள்வோம். இயக்கியவர் பி.ஆர்.பந்துலு, நமக்குப் பக்கத்துக் கோலார் மாவட்டத்துக்காரர். அந்தக் கதைக்கு மூலம் 1935-இல் வந்த 'கேப்டன் பிளட்' என்ற ஹாலிவுட் படம். இரண்டிலும் நாயகன் ஒரு வைத்தியன். குற்றம் செய்யாமலே அடிமையாக விற்கப்படுகிறான். பிறகு கொள்ளைக் கப்பலில் ஏறுகிறான்.

கதை ஒன்று, இசை வேறு. ஹாலிவுட் படத்துக்கு இசை எரிக் கோர்ன்கோல்ட். வியன்னாவில் ஓபரா எழுதிப் புகழ்பெற்றவர். அடிமைகள் கப்பலைப் பிடித்துப் பாய் விரிக்கும்போது அவர்கள் மகிழ்ச்சியைப் பெரும்பாலும் வாத்தியங்களே சொல்லிவிடும். நம் படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி அந்த விடுதலை ஏக்கத்தைக் கப்பலில் இருப்பவர்களின் வாயிலேயே கொடுத்தார்கள். டி.எம்.சௌந்தரராஜன் அடியெடுக்க, கோரஸ் சேர்ந்துகொள்ளும். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு, பாத்திரமே பாடினால்தான் மனசு நிறையும்.

'பாகுபலி'யில் (2015) கீரவாணி, நம்மிடம் மரகதமணியாக அறிமுகமானவர், இரண்டு வழியையும் சேர்த்தார். அருவி ஏறும் காட்சியில் வாத்தியங்களும் கோரஸும் பிரமாண்டம். ஆனாலும் காட்சியைத் தூக்கிப் போவது பாட்டுதான். ஆகவே தம்பி, அந்தக் காலத்தில் பின்னணி இசை இல்லாமல் இல்லை. அதன் வேலையில் பாதியைப் பாட்டே செய்தது.

'பாகுபலி' தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுக்கப்பட்டது. அதுவும் புதிதல்ல. 1957-இல் 'மாயாபஜார்' அப்படித்தான் வந்தது. எஸ்.ராஜேஸ்வர ராவ் சில மெட்டுகள் போட்டு விலக, மீதியைக் கண்டசாலா முடித்தார். கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் கல்யாண விருந்தைக் காலி செய்யும் பாட்டு நினைவிருக்கிறதா? தெலுங்கில் மாதவபெத்தி சத்யம் பாடினார், தமிழில் திருச்சி லோகநாதன். மெட்டும் ஒன்று, அந்தச் சிரிப்பும் ஒன்று.

இந்தப் பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஆண்டு விழா ஒத்திகையில் ஒரு பையன் இதைத் தெலுங்கில் பாடினான். "ஏன், தமிழில் பாடத் தெரியாதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேசாமல் மேடையை விட்டு இறங்கினான். அதன் பிறகு எந்த விழாவிலும் பாடவில்லை. வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளை. நம் ஊரில் எத்தனையோ பேர் அப்படித்தான். வரலாறு நடத்திய எனக்கு அன்று அது தோன்றவில்லை.

அந்த மாணவர் இதைப் படித்தால், என்னை மன்னிக்க வேண்டும். அடுத்த முறை நாம் கூடும்போது தெலுங்கிலேயே பாடுங்கள். நான் தமிழில் சேர்ந்துகொள்கிறேன். மெட்டு ஒன்றுதானே.

அன்புடன்,
உங்கள் சார்