சேவலா, பெட்டையா? குஞ்சு பிரிக்கும் தொழிலின் வரலாறு

பொரித்து வந்த அன்று சேவல்குஞ்சும் பெட்டைக்குஞ்சும் பார்வைக்கு ஒன்றே. ஐந்தாறு வாரங்கள் கழித்துத்தான் சேவலின் கொண்டை பெருத்துச் சிவக்கத் தொடங்கும். மூன்று மாத அளவில் கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் கூர்முனை கொண்ட பளபளப்பான இறகுகள் முளைக்கும். முட்டைக்கென்று வளர்த்த பெட்டை ஒரு நாள் விடியலில் கூவக் கேட்டுத் திகைத்த வீடுகள் எல்லா நாட்டிலும் உண்டு. பாலினத்தை முன்கூட்டியே அறிய மனிதர் செய்த முயற்சிக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அறியும் நாள் முன்னே நகர நகர, சேவல்குஞ்சின் ஆயுளும் சுருங்கியதுதான் அந்த வரலாற்றின் சாரம்.

முதலில் நம்பப்பட்டது முட்டையின் வடிவம். நீண்டு கூரான முட்டையில் பெட்டையும் உருண்டையான முட்டையில் சேவலும் பிறக்கும் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா அதையே தலைகீழாகச் சொன்னார். இரண்டுமே தவறு. முட்டைக்கு வடிவம் தருவது தாய்க்கோழியின் கருக்குழாய். குஞ்சின் பாலினத்தை முடிவுசெய்வதோ தாயிடமிருந்து வரும் குரோமோசோம்.

வீட்டில் நாலைந்து கோழி வளர்த்த காலத்தில் இந்த அறியாமையால் பெரிய நட்டமில்லை. வளர்ந்த சேவல் கறிக்கு ஆனது. 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் உருவாக்கிய அடைகாக்கும் கருவியும், ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்ப 1918இல் அமெரிக்க அஞ்சல்துறை தந்த அனுமதியும் நிலைமையை மாற்றின. முட்டைப் பண்ணைக்காரர் நூறு குஞ்சு வாங்கினால் ஏறக்குறைய ஐம்பது சேவலாக இருந்தன. அவை தின்ற தீவனமும் அடைத்துக்கொண்ட இடமும் அவருக்கு நட்டம்.

இதற்கு ஒரு வழி மரபியலிலிருந்து வந்தது. இறகு நிறத்தைக் கொண்டே குஞ்சுகளைப் பிரிக்கலாம் என்று முதல் உலகப் போரின்போது கேம்பிரிட்ஜ் அறிஞர் பன்னெட் எடுத்துக்காட்டினார். வரியிறகுள்ள பிளைமத் ராக் பெட்டையை ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு சேர்த்தால், பிறக்கும் சேவல்குஞ்சின் கறுத்த தலையில் வெள்ளைப் பொட்டு தெரியும். பெட்டைக்கு அது இராது. ஆனால் முட்டைப் பண்ணைகள் பெரிதும் நம்பியிருந்த வெள்ளை லெக்ஹார்னுக்கு இந்த வழி உதவவில்லை.

விடை ஜப்பானில் கிடைத்தது. மசுயி கியோஷியும் அவருடன் பணியாற்றியவர்களும் குஞ்சின் எருவாய்க்குள் பாலினத்தைக் காட்டும் நுண்ணிய மேடு இருப்பதை 1920களின் நடுவில் கண்டறிந்தனர். 1927இல் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் இந்த ஆய்வு உலகுக்கு அறிமுகமானது. பொரித்த ஒரு நாளுக்குள் பார்ப்பதே சிறந்தது. பிரிப்பவர் குஞ்சை இடக்கையில் ஏந்தி, வயிற்றை மெல்ல அழுத்தி எச்சத்தை வெளியேற்றுவார். பிறகு பளிச்சென்ற விளக்கொளியில் கட்டைவிரலால் எருவாயை விரித்துப் பார்ப்பார். குண்டூசித் தலை அளவில் உருண்டு மினுங்கும் மேடு இருந்தால் சேவல். அது தட்டையாகவோ இல்லாமலோ இருந்தால் பெட்டை. இரண்டிலும் சேராத தோற்றங்களும் பல உண்டு என்பதால், ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பார்த்துப் பழகிய கண்ணும் விரலும் தேவைப்பட்டன. தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சுகள் வரை, நூற்றுக்கு 98 சரியாகப் பிரித்தார்கள்.

நகோயாவில் பயிற்சிப் பள்ளி இயங்கியது. 1930களில் ஜப்பானிய வல்லுநர்கள் வட அமெரிக்காவுக்குச் சென்றனர். பல வேலைகளுக்குக் கதவடைக்கப்பட்டிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு இது மதிப்பான பிழைப்பாயிற்று. பின்னாளில் கொரியர்களும் இதில் பெயர் பெற்றனர். 2020இல் வந்த ‘மினாரி’ திரைப்படத்தின் கொரியக் குடும்பம் செய்வது இந்த வேலையைத்தான்.

இந்தத் திறமையின் மறுபக்கம் கொடியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முட்டைக்கு ஓர் இனம், கறிக்கு ஓர் இனம் என்று கோழி வளர்ப்பு பிரிந்தது. முட்டையினத்துச் சேவல் முட்டையும் இடாது, விரைவில் சதையும் பிடிக்காது. ஆகவே பிறந்த அன்றே அதைக் கொல்வது வழக்கமாயிற்று. உலகில் ஆண்டுக்குச் சுமார் 700 கோடிக் குஞ்சுகள் இப்படி அழிவதாக மதிப்பிடப்படுகிறது. தமிழ்நாட்டில் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் சாயம் பூசி மலிவாக விற்கும் ‘கலர் குஞ்சு’ பெரும்பாலும் பொரிப்பகத்தில் கழித்துவிட்ட சேவல்குஞ்சே.

இந்தக் கொலைக்கு எதிர்ப்பு வலுத்தபின் தேடல் முட்டைக்குள் நுழைந்தது. அடைவைத்த ஒன்பதாம் நாள் லேசரால் ஓட்டில் நுண்துளையிட்டு, ஒரு துளி திரவத்தில் பெண் ஹார்மோன் உள்ளதா என்று பார்க்கும் முறை ஜெர்மனியில் உருவானது. அம்முறையால் வந்த கோழிகளின் முட்டைகள் 2018இல் பெர்லின் கடைகளுக்கு வந்தன. குஞ்சுகளைக் கொல்வதற்கு ஜெர்மனி 2022 ஜனவரி முதல் தடை விதித்தது; பிரான்ஸ் 2023இல் தடையை நடைமுறைப்படுத்தியது. இம்முறையிலும் சேவல் கரு பொரிக்க விடப்படுவதில்லை. அதனால்தான் முட்டைக்கும் கறிக்கும் சேர்த்துப் பயன்படும் இனங்களை மீண்டும் வளர்க்கும் முயற்சி முக்கியமாகிறது. சேவலையும் வாழவிடும் வழி அதுவே.